ஊசி போச்சு என்றாள் அக்கா

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த லேபில் அக்காவுக்கு வேலை. பல்செட் செய்வாள். நாள் முழுக்க அரைக்கிற மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, முடியெல்லாம் இளஞ்சிவப்புத் தூளோடு வீட்டுக்கு வருவாள். அம்மா போனபிறகு ஏழு வருஷமாக அப்பா அவளோடுதான். அவர் வாயிலிருக்கும் பல்செட்டும் அவள் கைவேலைதான்.

வருஷத்துக்கு ஒருதடவை நாலு நாள் லீவில் தங்கை வருவாள். அப்பாவுக்கு அவள் இன்னும் 'குட்டி'தான். இந்தத் தடவை வந்திறங்கிய மறுநாளே, "குட்டி, கடைக்குப் போலாமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். கீழே புத்தகம், மாடியில் இசைத்தட்டு விற்கிற கடை. அக்காவை அவர் ஒருநாளும் அப்படிக் கடைக்குக் கூப்பிட்டதில்லை. "நீயும் வாயேன்க்கா" என்று தங்கைதான் இழுத்துக்கொண்டு போனாள்.

மாடி ஏறுவதற்கு முன் அக்கா ஒரு நாவலை எடுத்து நீட்டினாள். "இது எப்படிப்பா?"

"நல்லா இருக்கும்மா" என்றார், அட்டையைக்கூடப் பார்க்காமல். ஒரு கால் ஏற்கெனவே படியில்.

மேலே தங்கை ஒரு வயலின் தட்டைப் போட்டுக்காட்டச் சொன்னாள். ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு இருவரும் கேட்டார்கள். அப்பா கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஓரமாக நின்ற அக்கா அந்தப் பல்வரிசையையே பார்த்தாள். பல் கட்டிக் கொடுத்தவள் ஒருத்தி, சிரிப்பு இன்னொருத்திக்கா?

"இதை வாங்கிடலாம்ப்பா" என்றாள் தங்கை.

"வாங்கி எதுல போடுவீங்க? வீட்டு பிளேயர்ல ஊசி போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள் அக்கா. பச்சைப் பொய். கட்டிலுக்கடியில் துணி சுற்றி அவளே தள்ளிவைத்த பிளேயருக்கு ஒரு குறையும் இல்லை.

"ஊசிதானேக்கா, மாத்திக்கலாம்."

அப்பா ஒரு நொடி மூத்தவளைப் பார்த்தார். "வேணாம் குட்டி, போலாம்" என்று தட்டை இருந்த இடத்திலேயே செருகினார். மூவரும் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜெயித்துவிட்ட மாதிரி அக்காவுக்கு இருந்தது. அது தெருமுனைவரைகூடத் தாங்கவில்லை.

தங்கை ஊருக்குக் கிளம்பிப் போன அன்று மத்தியானம் அக்கா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "ஊசி நல்லாத்தான்ப்பா இருக்கு. பொய் சொன்னேன். நீங்க அவகிட்ட சிரிக்கிறதப் பாத்து எனக்குத் தாங்கல."

"நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ வேலைக்குப் போனதும் தினமும் எடுத்துக் கேக்கறேனே."

"நான் இருக்கும்போது ஏன் போடறதில்ல?"

"மிஷின் சத்தம் காதுலயே நிக்குதுன்னு வந்ததும் படுத்துடுவே. வீட்லயும் எதுக்குச் சத்தம்னு விட்டுட்டேன்."



அடுத்த ஞாயிறு, "கடைக்குப் போலாமாப்பா?" என்று அவளே கேட்டாள். வயலின் தட்டு விற்றுப்போயிருந்தது. அப்பா வேறொன்றை எடுத்தார். ஹாலில் நட்ட நடுவே பிளேயரை வைத்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்கள். அவளுக்குப் பாதிக்குமேல் பிடிபடவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

தட்டு நின்றதுதான் தாமதம், அப்பா போனை எடுத்தார். "குட்டி, இன்னிக்கு நாங்க என்ன வாங்கினோம் தெரியுமா?"

அக்காவுக்கு மறுபடி சுருக்கென்றது. எழுந்து தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டாள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்து.