மாமாவின் ஒன்பதாவது பாட்டு

என் மாமா போட்ட ஒரே கேசட்டில் டப்பா ஆட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்கிற பிள்ளைகள் அதை ஆல்பம் என்கிறார்கள், மாமாவைப் பற்றி என்னென்னவோ எழுதுகிறார்கள், டப்பாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தலவாக்கலையில் இன்று நான்கு மரக்கறி லொறி என் பேரில் ஓடுகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். முட்டைக்கோவா மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன். தராசு அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொள்ளும். ஒழுங்காக எழுதவும் ஐம்பது வயதுக்கு மேல் நானாகவே பழகிக்கொண்டேன். இத்தனை செய்தவள், ஒன்பது வயதில் ஒரு மலை ஏறாமல் ஏறினேன் என்று பொய் சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பரா அறையில், எங்களோடுதான் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டிய ஆள் வாசலில் உட்கார்ந்து கித்தார் வாசிப்பார். கித்தாரை வேதக்கோயில் உபதேசியாரிடம் பழகினார், தப்பு மேளத்தை லயத்துக் கூட்டாளிகளிடம் பழகினார், பைலா தாளத்தை ஹட்டன் பஸ்ஸில் சிங்களப் பையன்களோடு தொங்கிக்கொண்டு பழகினார். மூன்றையும் ஒரே பாட்டில் போடுவார்.

“ஏன்டா, இது கல்யாணத்துக்கா கருமாதிக்கா?” என்று லயத்து ஆட்கள் கேட்பார்கள்.

“ரெண்டுக்கும்தான் மாமோய். ஒரே செலவுல முடிஞ்சிரும்” என்பார்.

சினிமாப் பாட்டைத் தொடமாட்டார். எல்லாம் சொந்தப் பாட்டு. அம்மா அவரைக் கொழுந்துக் கூடையில் உட்கார வைத்து மலைக்குத் தூக்கிப்போனது ஒரு பாட்டு. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கோச்சி ரயில் ஏறிப்போன ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பாட்டு. அவள் யார் என்று கேட்டால் என் முதுகில் விழும். எப்படியாவது ஒன்பது பாட்டைக் கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த வருடம் அதில் ஒரு அவசரமும் சேர்ந்துகொண்டது. அது என்ன அவசரம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற நாற்பது படி. மாமா பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார். “குட்டி, இங்கருந்து பாத்தா மலை நல்லா இருக்குல்ல” என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பேன். அதே மலைதான். அவர் மூச்சு அடங்கியதும் மீண்டும் ஏறுவோம். கேசட் பிடிப்பதற்குச் சில மாதம் முன்பு அம்மாவும் அவரும் கண்டிக்குப் போய்வந்தார்கள். நெஞ்சுக்கு மருந்து எடுக்க, அப்படியே கித்தார் கம்பி வாங்க என்றார்கள். மருந்து மாத்திரையும் வந்தது, கம்பியும் வந்தது. அம்மாவின் முகம் மட்டும் வீங்கியிருந்தது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

உபதேசியார் தன் டேப் ரெக்கோடரை இரண்டு நாளைக்குக் கொடுத்தார். இரண்டாம் நாள் பொழுது சாயத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது, ஆறு பேட்டரி. முதல் நாளே அது களைத்துவிட்டது. விடிந்ததும் அவற்றைக் கழற்றி வெயிலில் வைத்தோம். எங்கள் ஊரில் வெயில் என்பது பனிக்கு நடுவில் வந்து எட்டிப்பார்க்கிற விருந்தாளி. நான் பக்கத்திலேயே காவல் இருந்து, வெயில் நகர நகரப் பேட்டரியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. எட்டிலும் என் டப்பா உண்டு. டின்பால் டப்பாவில் தேயிலைக் கொட்டை போட்டு, வாயைத் துணியால் கட்டி மாமா செய்து கொடுத்தது. மீதம் ஒன்பதாவது. அதுதான் மாமாவின் பெரிய பாட்டு. விடியலில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்போடு தொடங்கும், நடுவில் கித்தாரும் பைலாவும் வரும், கடைசியில் சாவுத் தப்பில் முடியும்.

இங்கேதான் சிக்கல். எங்கள் தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால், மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு ஓடிவருவார்கள். கங்காணியும் மறிக்கமாட்டார். தப்பு யார் செத்தது என்று சொல்லாது. வந்துதான் பார்க்க வேண்டும். அதனால் மாமா என்னை அழைத்தார்.

“குட்டி, ஏழாம் நம்பர் மலைக்கு ஓடு. கங்காணி ஐயாகிட்டச் சொல்லு, மாமா பாட்டுக்குத் தட்டுறாங்க, யாரும் சாகலன்னு. அம்மாகிட்டயும் சொல்லு. அம்மாகிட்ட மறக்காமச் சொல்லு.”

“நான் வர்ற வரைக்கும் தொடங்கமாட்டீங்கல்ல?”

“பேட்டரி தாங்குனா தொடங்கமாட்டேன்.”

அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. ஏழாம் நம்பர் போக அரை மணி, வர அரை மணி. மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி ஆறிப்போகும், மாமா என்னை விட்டுவிட்டுப் பாடிவிடுவார், ஒன்பதில் எட்டுக்கு மட்டும் ஆட்டியவள் என்று ஆகிவிடுவேன். பாதை திரும்புகிற முதல் முடக்கு வரை ஓடினேன். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை பனியில் சத்தம் மேலே போகாது என்று எனக்கு நானே சொன்னேன். போய்வரும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் மாமா.”

“அதுக்குள்ளயா?”

“ஓடிப் போனேன்.”

மாமா என் தலையைத் தடவினார். அந்தக் கை ஒரு கூடைக் கொழுந்தின் பாரம் இருந்தது.

தப்பைப் பக்கத்தில் வைத்தால் டேப்பில் இரைச்சல்தான் விழும் என்று ரெக்கோடரை வெளியே, வாசற்படியில் வைத்தோம். மாமா உள்ளே கோடிச் சுவரோரம் உட்கார்ந்தார். என் டப்பாச் சத்தம் சின்னது. நான் ரெக்கோடருக்குப் பக்கத்தில். “தும்முனாலும் போச்சு, பேசுனாலும் போச்சு. இதுதான் கடைசித் தடவை” என்றார். சிவப்புப் பொத்தானை நான்தான் அமுக்கினேன்.

பெரட்டுத் தப்பு நன்றாகப் போனது. கித்தார் நன்றாகப் போனது. அவர் கித்தாரை வைத்துவிட்டுத் தப்பை எடுக்கிற இடைவெளியில் நான் தனியாக ஆட்டினேன். அது எனக்கென்றே விட்ட இடம். பிறகு சாவுத் தப்பு விழுந்தது. அதே நேரத்தில், யாரோ முந்தானையை இழுத்ததுபோல ஏழாம் நம்பர் மலையில் பனி விலகியது.

வரிசையாக நின்ற பெண்கள் நிமிர்வது தெரிந்தது. ஒரு கூடை இறங்கியது. இன்னொன்று. பிறகு வரிசை முழுதும் கலைந்தது. பாதை சுற்றாமல், கொய்யாத செடிகளுக்கு நடுவில் நேராக விழுந்து எழுந்து வருகிறார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பாட்டு போகும், பேட்டரி போகும், என் பொய்யும் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள். கை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், வேதக்கோயில் சாமியையும் சேர்த்து.

அழுகை முதலில் தூரத்தில் கேட்டது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் படுத்திருக்கிற ஆளின் பேரைச் சொல்லி அழுதுகொண்டு வந்தாள். ஒருத்தி மாமியாருக்கு, ஒருத்தி வலிப்புக்காரப் பிள்ளைக்கு. எல்லாருக்கும் முன்னால், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அவிழ்ந்து தொங்க, அம்மா வந்தாள்.

“என் தம்பி… கூடையில சொமந்த தம்பி… வருசம் ஒண்ணு இருக்குன்னு கண்டி டாக்டரு சொன்னாரே, பாதிக்கு மேல கொஞ்சந்தானே போச்சு, அதுக்குள்ள தூக்கிட்டானே…”

வாசலில் என்னை அவள் பார்க்கவேயில்லை. தாண்டி உள்ளே போனாள். தப்பு நின்றது.

மடியில் தப்போடு உயிரோடு உட்கார்ந்திருந்த தம்பியை அம்மா இரண்டு கையாலும் அடித்தாள். தலையில், தோளில், தப்பில். பிறகு அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் வாசலில் முட்டி நின்றார்கள்.

“செத்தது யாருடி?”

“யாரும் சாகல அக்கா, பாட்டுக்குத் தட்டினேன்” என்றார் மாமா, அம்மாவின் கைக்குள்ளிருந்து.

“பாட்டா? அடப் பாவி! நான் பாதி மலை உருண்டு வந்திருக்கேன். எங்க கிழவி செத்துட்டாளேன்னு அழுதா, அவ வாசல்ல நின்னு என்னையே பாக்குறா!”

“ஒங்க மாமியாருக்கு ஒத்திகை ஆச்சுக்கா” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வெடித்தது.

கங்காணி கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். “ஏழாம் நம்பர்ல ஒரு ஆள் இல்ல. தொரைக்கு யாரு பதில் சொல்றது? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா ஒனக்கு?”

மாமா என்னைப் பார்த்தார். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“மறந்துட்டேங்க கங்காணி ஐயா” என்றார் மாமா. “எம்மேல தப்பு.”

அவருக்கு ஒரு வாரம் வேலையை நிறுத்தினார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் பயமாக இருந்தது.

அன்று பொழுது சாய, ரெக்கோடரைத் திருப்பிக் கொடுக்கும் முன், மாமா ஒன்பதாவது பாட்டைப் போட்டுக் கேட்டார். அம்மா அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தப்பு கேட்டது. அதற்கு மேலே என் டப்பா. பனி விலகிய இடத்தில் அது ஓட்டமாக ஓடியது. யார் கேட்டாலும் இவள் எதையோ பார்த்துவிட்டாள், பார்த்தும் வாய் திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு அம்மாவின் அழுகை. மாமா நிறுத்தினார். பின்னால் ஓடவிட்டார். மறுபடி கேட்டார். அதே இடம். மூன்றாம் தடவை காதை ரெக்கோடரில் வைத்துக் கேட்டார்.

“அழிச்சிருங்க மாமா. நல்லா இல்ல” என்றேன்.

“அழிச்சிருடா” என்றாள் அம்மாவும், திரும்பாமல்.

மாமா வெகுநேரம் பொத்தானிலேயே விரலை வைத்திருந்தார். பிறகு, “அக்கா, நாம கண்டிக்குப் போய் எத்தனை மாசம்?” என்றார்.

ரொட்டி கருகும் வாசம் வந்தது. பேச்சு டப்பாவை விட்டு விலகியதில் எனக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. எனக்கு அப்போதே கணக்கு நன்றாக வரும். விரல் விட்டு எண்ணினேன்.

“ஏழு மாசம் மாமா! கம்பி வாங்கப் போனீங்கல்ல, ஏழு!”

“ஏழா? அப்ப இன்னும் அஞ்சு இருக்கே” என்றார். சிரித்தார். “அஞ்சு மாசத்துல இன்னொரு கேசட்டே போட்டுறலாம். இது இப்படியே இருக்கட்டும் அக்கா. இதுதான் சரியா வந்திருக்கு.”

அம்மா கருகிய ரொட்டியைப் பிய்த்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டாகப் போட்டாள்.

ஹட்டனில் பாட்டுப் பதிகிற கடையில் கொடுத்து இருபது பிரதி எடுத்தார். இரண்டாவது கேசட் போடவில்லை. நான்கு மாதத்தில் சாவுத் தப்பு நிஜமாகவே எங்கள் வாசலில் அடித்தது. பெண்கள் இறங்கி வந்து ஒப்பாரி பாடினார்கள். அம்மா ஒரு வரிகூடப் பாடவில்லை. அவளுடையது ஏற்கெனவே கேசட்டில் இருந்தது.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பையன் என் கடைக்கு வந்தான். அவனும் தன் அறையிலேயே பாட்டுப் போடுகிறவனாம். கடைசிப் பாட்டில் அந்தப் பெண்களை எப்படிப் பாடவைத்தார் என்று கேட்டான். டப்பாவைப் பற்றி முதலில் சொன்னேன். மற்றதைச் சொல்ல அரை நாள் ஆனது. அன்று என் லொறிகள் நான் இல்லாமலே ஏற்றிக்கொண்டு போயின.

அன்று பொழுது சாய்ந்த அந்த நேரத்தில் மாமா திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டபோது, அவர் என் டப்பாவைத்தான் கேட்கிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காம்பராவில் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.