கலைச்சொல் சாரின் மாதிரி வகுப்பு

மொழி ஆசிரியர்களைத் தயார் செய்யும் அந்தக் கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கலைச்சொல் சார். புதிதாக மொழி கற்க வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் எடுத்துவருகிறார். அப்படிக் கற்க வந்த ஒரே ஒரு ஆளுக்குக்கூட அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. குளத்துக் கரையில் நின்று விசில் ஊதியே காலம் தள்ளும் நீச்சல் வாத்தியார் ரகம்.

ஒலியன், உருபன், இடைமொழி, தாய்மொழிக் குறுக்கீடு என்று முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட பட்டியல் வைத்திருந்தார். பயிற்சி மாணவர்கள் அதைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் பதற வேண்டாம், அதற்கு மௌனப் பருவம் என்று பெயர் என்பார். பெயர் வைத்ததோடு அவர் கடமை முடிந்தது.

வீட்டிலும் இதே கூத்துதான். மகள் முதன்முதலாகத் "தண்ணி" என்றபோது குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, 'ஒற்றைச் சொல் பருவம்' என்று எழுதினார். குழந்தை மறுபடி "தண்ணி" என்றது. அதையும் எழுதினார்.

"எழுதிக் கிழிச்சது போதும், முதல்ல அந்த டம்ளரை எடுத்துக் குடுங்க!" என்று மனைவி கத்திய பிறகுதான் குழந்தைக்குத் தண்ணீர் கிடைத்தது.

துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று சார் முடிவே கட்டிவிட்டார். மாமனார் வரைக்கும் சொல்லியாயிற்று. ஆனால் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. தலைவராக விரும்புகிறவர், நிஜமாகவே மொழி கற்க வந்தவர்களுக்கு, தேர்வாளர் முன்னிலையில் ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தேறினால்தான் பதவி.

வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லாரும் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தேர்வாளர் அம்மா மதிப்பீட்டுப் படிவத்துடன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் அரை மணி நேரமும் சார் பலகையை நிரப்பினார். ஒருவரும் மூச்சு விடவில்லை. "மௌனப் பருவம், மேடம்," என்று தேர்வாளரிடம் பெருமையாகச் சொன்னார். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அப்போது முன்வரிசையில் இருந்த துப்புரவுப் பணிப்பெண்ணின் போன் அதிர்ந்தது. எடுத்துக் கேட்டவளின் முகம் வெளிறிப்போயிற்று. எழுந்து நின்றாள்.

"சார், என் பையன் விழும். படி. ரத்தம். நான் போகும், சார்."

சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேடினாலும் கிடைக்காத உதாரணமாயிற்றே! அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி அடிக்கோடிட்டார்.

"பாருங்க, இதத்தான் பிழைன்னு சொல்றோம். தெரிஞ்சிருந்தும் நாக்குத் தடுக்கினா அது தவறு. தெரியாமலே சொன்னா பிழை. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். குரல் உடைந்தது.

"அருமை! அதே பிழை. பழகி உறைஞ்சுபோன பிழை! எங்க, இன்னொரு தடவை?"

அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடியே விட்டாள்.

தேர்வாளர் அம்மா எழுந்தார். "அந்தம்மா ஏன் சார் ஓடுறாங்க?"

"கற்றல் பதற்றம், மேடம். உணர்ச்சித் தடைன்னும் சொல்லுவோம்."

"அதக் கேக்கல சார். அவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

சார் பலகைப் பக்கம் திரும்பினார். தன் அழகான கையெழுத்தில் இருந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். பையன். படி. ரத்தம். சாக்பீஸ் பிடித்த கை இறங்கியது. எந்தப் பதவிக்காக இத்தனை நாள் கனவு கண்டாரோ அது கைநழுவுகிறது என்பதுகூட அந்த நிமிஷம் அவருக்கு உறைக்கவில்லை.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஓட்டல் சமையல்காரர் தயங்கி எழுந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"அவ சொல்லும். ரெண்டு தடவை சொல்லும். சார் ஒரு தடவை கூட கேக்கும் இல்ல."

தேர்வாளர் அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் படிவத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.