நெல் காயும் சாலை

மன்னார்குடிக்கு முன்னால் பேருந்து பழுதாகி நிற்கிறது. பாதிச் சாலையில் நெல் காய்கிறது. அதைக் காலால் கிளறிக்கொண்டிருக்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அதிகாரியாக இருந்த தானியக் கிடங்கில் கூட்டிப் பெருக்கிய அஞ்சலை.

“வண்டு மருந்து சார்தானே!”

ஆமாம். வண்டு சாக, மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்துவோம். பிறகு பாயை விலக்கி வானத்தில் விட்டுவிடுவோம். அதிலுள்ள புரோமின் மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். அவளிடம் சொல்கிறேன்.

“அப்ப வானத்துல ஓட்டை போட்டது நாமளா?”

“நம்ம பங்கும் உண்டு. அந்த மாதிரி வாயுவை விடுறது இப்ப ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஓசோன் மெதுவாத் தேறிட்டு வருது.”

“யாரு அடைக்கிறா?”

“வெயில்தான். வெயில் பட்டுத்தான் ஓசோன் உண்டாகுது. நாம கெடுக்காம இருந்தாப் போதும்.”

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

“ஈரம்னு நேத்து கொள்முதல்ல என் நெல்லைத் திருப்பிட்டாங்க. அதையும் இந்த வெயிலுதான் காப்பாத்தணும். வேடிக்கை பார்க்காம செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். நெல் காலில் சுடுகிறது.