அத்தையின் பூரித்த கன்னம்

போன வாரம் பக்கத்து வீட்டம்மா மூட்டுவலிக்கு நல்லதென்று ஒரு பொடி டப்பாவை நீட்டினார். ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது’ என்று மேலே போட்டிருந்தது. மூடியைத் திறந்ததும் சுக்கு வாசனை. ஆழ்வார்திருநகரி அத்தை ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மருந்து வகைகள் பாடம் நடந்த சமயம். காய்ச்சலைத் தணிப்பது, கிருமியைக் கொல்வது, அமிலத்தை முறிப்பது என்று, வீட்டில் யார் தும்மினாலும் வகை பிரித்துச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்குவேன்.

அந்தத் தீபாவளிக்குப் போனால், மூட்டுவலியால் சுவரைப் பிடித்து நடந்த அத்தை ஆற்றுக்குக் குளிக்கப் போகிறாள். பக்கத்து ஊர் வைத்தியர் கொடுத்த, சுக்கு மணக்கும் பொடியாம். கன்னம் வேறு பூரித்திருந்தது. “நல்லா தேறிட்டா” என்றார் மாமா. எனக்கு அந்தக் கன்னம்தான் பிடிக்கவில்லை. கையும் காலும் மெலிந்திருக்க, முகம் மட்டும் எப்படித் தேறும்?

வைத்தியரிடமே போய்க் கேட்டேன்.

“இதுல என்ன சேக்கீங்க, அண்ணாச்சி?”

“பொதிகை மலை மூலிகைம்மா. பேரு சொன்னா பலிக்காது.” சிரித்தார். சிரித்தபடியே, “நீ எந்தக் காலேஜும்மா?” என்றார். என் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

ஒரு பொட்டலத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பொடியையும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையையும் தனித்தனியே கரைத்து, பூச்சுப் பூசிய ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, அடியில் திரவம் ஊற்றி ஏறவிட்டேன். இரண்டும் ஒரே உயரத்தில் போய் நின்றன; பொடியிலும் ஸ்டீராய்டுதான். வலியையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும் மருந்து அது. கணக்கில்லாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், “ஏட்டி, நான் நடக்கது ஒனக்குப் பொறுக்கலையா?” என்றாள் அத்தை.

பொட்டலங்களை அள்ளி வீசப்போன மாமாவையும் தடுக்க வேண்டியிருந்தது. அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஒருவழியாக மாமா அத்தையைச் சமாதானப்படுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனார். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அதே வகை மாத்திரையை அளவோடு எழுதிக்கொடுத்து, “பைய பையத்தான் குறைக்கணும்” என்றார் டாக்டர்.

குறையக் குறைய முகம் வடிந்தது. வலி திரும்பி வந்தது.

“அப்ப எனக்கு எந்த மருந்துட்டி?” என்று ஒருநாள் கேட்டாள் அத்தை. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படித்த வகைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவள் முழங்காலில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன்.

விஷயம் பரவியதும் வைத்தியர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்தார். அவர் வீட்டு வாசலில் ஞாயிறுதோறும் நின்ற கூட்டமும் கலைந்தது. அத்தை அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். ஆனால், ஈரச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறை ஏறி வந்த அத்தையை மட்டும் யாரும் மறுபடி பார்க்கவில்லை.