ஜாமீனாக வைத்த பாஸ்போர்ட்

நைரோபியிலிருந்து கேப் டவுன் வரை டிரக்கில் போக, ஷார்ஜாவின் ரோலா பகுதியில் என் ரூம்மேட் செல்வமும் நானும் இரண்டு வருடம் திட்டமிட்டோம். கிளம்பும் மாதம், "அம்மாவுக்கு சீரியஸ்டா, ஊருக்குப் போகணும்" என்று அழுதான். அவசர லீவுக்கு, அவன் திரும்பி வருவதற்கு ஜாமீனாக எங்கள் கம்பெனி இன்னொருவர் பாஸ்போர்ட்டைக் கேட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். என் பயணம் போயிற்று.

பத்தாம் நாள் மனசு கேட்காமல், காலிங் கார்டு வாங்கி அவன் வீட்டுக்குப் பேசினேன். அம்மாவே எடுத்தார்.

"எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் ஆப்பிரிக்காவுல லாரியில சுத்துறீங்கன்னானே? அங்கருந்தா பேசுற? அவன்கிட்ட குடு."



"வண்டியில தூங்குறாம்மா" என்றேன்.

அந்தப் பாவியை இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் ஆப்பிரிக்காவில் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.