ராஜா நட்ட சுமைதாங்கி

எங்கள் வீட்டுக்கு முன்னால் சாலை வளையும் இடத்தில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல் வைத்தது. தலைச்சுமையோடு நடந்து வந்தவர்கள் பிறர் துணையின்றி அதை இறக்கி வைத்து ஆறிக்கொள்ளும் உயரம். அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றும், ராஜாவின் படை இளைப்பாறுவதற்காக அரச கட்டளைப்படி எங்கள் முன்னோர் ஒருவர் நட்டது என்றும் எங்கள் குடும்பம் நம்பியது. ஆதாரம் குறுக்குக் கல்லிலேயே இருந்தது: ஆயிரத்தைச் சற்றே தாண்டிய ஓர் ஆண்டு எண். சுசீந்திரம் மார்கழித் தேருக்கு உறவினர்கள் வருவதற்குமுன், ஆண்டுதோறும் அப்பா கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்த எண்ணை மட்டும் காவியால் எடுத்துக்காட்டி எழுதுவார்.

கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்தை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்பது அதன் பொருள். இது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்களின் சுமைதாங்கிகளுக்கு. "நம்மது ராஜா கல்லாக்கும்" என்பார்.

நாற்பது வயதில் நான் முதுகலை வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் அந்தக் கல்லுக்கு என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அப்பா. பால் வாங்கும் இடத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அவர் அதைச் சொல்லியும் முடித்திருந்தார்.

என் நெறியாளர் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. "வீட்டுக்கு வெளியேருந்து ஒரு சான்று கொண்டு வாங்க. பொங்கலுக்குள்ள கிடைக்கல்லேன்னா அத்தியாயத்தை எடுத்துருங்க" என்றார்.

இணையத்தில் தேடிய அரை மணி நேரத்தில் ஒன்றல்ல, மூன்று சான்றுகள் கிடைத்தன. மூன்று தளங்களும் எங்கள் கல்லைப் பற்றியே பேசின. மூன்றும் ராஜாவை ஒப்புக்கொண்டன. மகிழ்ச்சியோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றிலும் ஒரே வாக்கியம் தென்பட்டது: 'படையின் யானைகளும் இங்கே துதிக்கையைச் சாய்த்து இளைப்பாறின.' சாட்சிகள் மூவர் ஒரே யானையைப் பார்த்திருக்கலாம். ஒரே சொற்களில் பார்த்திருக்க முடியாது. எது முதலில் வெளியானது என்று பதிவுகளின் நாளைப் பின்தொடர்ந்து போனேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் பக்கம் ஒன்றில் தேடல் போய் நின்றது. எழுதியவர் என் அண்ணன்.

தொலைபேசியில் கேட்டேன். "யானை எங்கேருந்துண்ணே வந்துது?"

"படைன்னா யானை இல்லாம இருக்குமாட்டி? நீ ஹிஸ்டரிதானே படிக்கே?"

"ராஜா?"

"அது அப்பா சொன்னதுல்லா."

அப்பாவிடம் போனேன். அவர் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அண்ணன் எழுதியதன் அச்சுப்பிரதி. "என்னட்ட என்ன கேக்க மக்ளே? இன்டர்நெட்லயே போட்டிருக்குல்லா" என்றார். அப்பா அண்ணனுக்கு ஆதாரம். அண்ணன் அப்பாவுக்கு ஆதாரம்.

நாகர்கோவிலில் நான் வழக்கமாகப் போகும் நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தரும் பெண் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒரு வாரமாக நான் எழுதிக் கொடுத்த சீட்டுகளை அவள் பார்த்து வந்திருக்கிறாள்: அரசர்கள், அரசாணைகள், படையெடுப்புகள்.

"எக்கா, ராஜா இல்லாத புத்தகம் ஒண்ணாவது கேளுங்க" என்றாள். "நீங்க தேடுகது கல்லைத்தானே?"

அவள் எடுத்துத் தந்தது வழியோரக் கற்களைப் பற்றிய ஒரு மெல்லிய நூல். அதன் கடைசிப் பக்கங்களில் இருந்த ஒரு குறிப்பைப் படித்ததும் எனக்குக் காது சூடாயிற்று. இந்தப் பகுதிக் கற்களில் உள்ள ஆண்டுகள் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்ட வேண்டும்.

இது எனக்குத் தெரியாததல்ல. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. எல்லாம் கொல்லம் ஆண்டில்தான். ஒரு பத்திரத்தை நீட்டினால், மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் அப்பா கூட்டிச் சொல்லிவிடுவார். அதே அப்பா கல்லுக்கு முன்னால் மட்டும் கூட்ட மறந்தார். வரலாறு படிக்கும் மகளும் மறந்தாள். கூட்டினால் ராஜாவின் படை போய்விடும் அல்லவா? கல்லுக்கு நூற்றைம்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய் நின்று கல்லைப் பார்த்தார். பிறகு, "எண்ணு மட்டுந்தானா இருக்கு? கீழ எழுத்து இருந்துதுன்னு எங்கப்பா சொல்லுவாவ" என்றார். ஆண்டுதோறும் அவரே அடித்த சுண்ணாம்புக்கு அடியில்தான் அது இருக்கும் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

மறுநாள் காலை கல்லை நனைத்து ஊறவிட்டோம். கத்தி வேண்டாம் என்று நான் சொல்ல, அப்பா தேங்காய் நாரும் ஒரு மூங்கில் சிராயும் கொண்டுவந்தார். சுண்ணாம்பு, பப்படம் போலப் படலம் படலமாகப் பெயர்ந்தது. அவருடைய ஐம்பது மார்கழிகள், அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் மார்கழிகள். எழுத்துகளை விரலால் தடவித் தடவி அப்பாதான் வாசித்தார். எங்கள் முன்னோர் பெயர் இருந்தது. அடுத்து 'மகள்' என்று இருந்தது. பிறகு ஒரு பெண்ணின் பெயர். 'பேரில் வைத்த சுமைதாங்கி' என்று முடிந்தது.

அப்பா எழுதி வைத்திருந்த குடும்ப வரிசையில் அந்தப் பெயர் இல்லை. அதில் பெண்களே இல்லை.

"இவள எனக்கு யாரும் சொல்லல்லியே மக்ளே" என்றார். குரலில் ஏமாற்றம் இருக்கும் என்று நான் அஞ்சியிருந்தேன், குற்றவுணர்வுதான் இருந்தது. பிறகு, "அத்தியாயம் நிக்குமா?" என்று கேட்டார்.

நின்றது. கல்லே சான்றாக, நான்கு பக்கங்களில் நின்றது. ராஜாவைப் பற்றி நான் எழுதியிருந்த இருபது பக்கங்களை நெறியாளர் ஒரே கோட்டில் அடித்தார். அண்ணன் தன் பதிவை அழித்துவிட்டான். ஆனால் அதைப் பார்த்து எழுதிய மூன்று தளங்களும் அப்படியே இருக்கின்றன. அங்கே யானைகள் இன்றும் இளைப்பாறுகின்றன. அடுத்த மார்கழிக்கு அப்பா சுண்ணாம்பு கரைக்கவில்லை. குடும்ப வரிசையில் ஒரு பெயரை, மற்றப் பெயர்களைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், எழுதிச் சேர்த்தார்.

இப்போது அப்பா இல்லை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் நான் இருக்கிறேன். வளைவில் அவள் இருக்கிறாள்.