டேலியாவின் கழுத்து

மூணாற்றிலிருந்து வரும் எங்கள் பஸ் போடிமெட்டில் நிற்கிறது. செக்போஸ்ட் காவலர் கையில் நீளமான குத்தூசியோடு ஏறுகிறார். யாராவது ஏலக்காய் கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு மூட்டையிலும் அதைச் செருகி, உருவி, நுனியை முகர்ந்துகொண்டே வருகிறார். அவருக்கு அது வேலை. நான் என் பையை அணைத்துக்கொள்கிறேன்.

என் மடியில் இருக்கும் துணிப்பையில், மூணாற்றில் அக்கா தன் தோட்டத்தில் தோண்டிக் கொடுத்த டேலியாப் பூச்செடிக் கிழங்குகள். கிழங்கின் கழுத்தில்தான் முளைக்கிற கண் இருக்கிறது. அது போனால் செடி வராது. போன வருடம் நான் கொண்டுபோனதில் ஒன்றுக்கும் கண் இல்லை. வடுகபட்டி வீட்டில் என் மனைவி மாதக்கணக்காக வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஊசி என் பையை நோக்கி வருகிறது.

"குத்திராதீக, உள்ள கண்ணு இருக்கு!" என்று கத்திவிடுகிறேன்.

அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. "கண்ணா? உசுரு எதையும் பிடிச்சு வச்சிருக்கீகளா சார்?"

பக்கத்துச் சீட்டுப் பெண் காலைத் தூக்கிக்கொள்கிறாள். நான் அவசரமாகப் பையை விரித்துக் காட்டுகிறேன்.

"அட, கெழங்கு! இதுக்கா சார் இந்தக் குளிர்லயும் இம்புட்டு வேர்வை?"

சிரித்தபடி ஊசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். எனக்கு மூச்சு வருகிறது. உடனே அவர் குனிந்து, இருப்பதிலேயே பெரிய கிழங்கை, கத்தரிக்காயைக் காம்பில் பிடிப்பதுபோலக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார். மெல்ல ஒரு சத்தம். கிழங்கு பைக்குள் விழுகிறது. கழுத்து அவர் விரல்களிலேயே நின்றுவிடுகிறது.

"இதுல கண்ணு எங்கன சார் இருக்கு?"

"உங்க கையில," என்கிறேன்.